பட்டு ரவிக்கையில் தையல் ஏன் நழுவுகிறது?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வி இது. சேலத்தில் எடுத்த பட்டுப் புடவையோடு வந்த பிட்டைத் தாமே வெட்டி ரவிக்கை தைத்திருக்கிறார். சில முறை உடுத்துவதற்குள் அக்குள் பக்கத்தில் துணி இழை இழையாகப் பிரிந்து, தையல் அறுபடாமலே துணியிலிருந்து நழுவி வந்துவிட்டது. அதே அளவில், அதே மெஷினில் தைத்த பருத்தி ரவிக்கைக்கோ ஒன்றும் ஆகவில்லை. அவரிடம் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் கால்மெஷின். ஓவர்லாக் போடுவதற்கென்று இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வர அவருக்கு விருப்பமில்லை. பட்டில் மட்டும் ஏன் இப்படி ஆகிறது, வீட்டிலேயே இதற்கு வழி உண்டா என்பதுதான் அவர் கேட்பது.

நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை என்பது சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாம் எண்ணிப் பார்க்காத ஒன்று, இந்த இழைகளை ஒன்றோடொன்று இணைக்கப் பசையோ முடிச்சோ கிடையாது என்பதுதான். ஒவ்வோர் இழையும் எதிரிழைகளின் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து செல்கிறது; அந்த வளைவுகளில் உண்டாகும் உராய்வு ஒன்றே துணியைத் துணியாக வைத்திருக்கிறது.

வெறும் உராய்வுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்த விஷயத்தின் அழகே இருக்கிறது. முரண்டு பிடிக்கும் மாட்டின் கயிற்றைக் கல்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நுனியை மட்டும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பவரை நாம் பார்த்திருப்போம். கயிற்றுக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வுக் குணகம், அதாவது உராய்வு எவ்வளவு என்பதைக் காட்டும் எண், 0.3 என்று கொண்டால், ஒரு சுற்றில் அவருடைய பிடி ஏறக்குறைய 6.6 மடங்காகிறது. இரண்டு சுற்றில் அது இரு மடங்காகி 13 ஆவதில்லை, 6.6-ஐ 6.6-ஆல் பெருக்கி 43 ஆகிறது. மூன்று சுற்றில் 285. சுற்றுகளைக் கூட்டக் கூட்டப் பிடி பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஆய்லர் சமன்பாடாக எழுதிவைத்த இந்த உறவில் தூணின் பருமனுக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கயிறு மொத்தம் எத்தனை பாகை வளைந்தது என்பதும், உராய்வுக் குணகம் எவ்வளவு என்பதும் மட்டுமே கணக்கு. ஆகவே பெரிய கல்தூணுக்குப் பொருந்துவது, மயிரிழை போன்ற ஊடைக்கும் அப்படியே பொருந்துகிறது.

இப்போது தையலுக்கு வருவோம். பக்கத் தையலின் மீது இழுவிசை விழும்போது, அந்தத் தையலுக்குக் குறுக்கே ஓடும் இழைகள், தையலுக்கு அப்பால் உள்ளே விட்டிருக்கும் துணியிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வரப் பார்க்கின்றன. அவற்றைத் தடுப்பது அந்த உள்துணியில் உள்ள எதிரிழைகளே. ஓர் அங்குலத்துக்கு 80 இழைகள் என்றும், ஒவ்வோர் எதிரிழையைக் கடக்கும்போதும் இழை 40 பாகை வளைகிறது என்றும், உராய்வுக் குணகம் 0.25 என்றும் வைத்துக்கொள்வோம். உள்ளே அரை அங்குலம் விட்டிருந்தால் 40 வளைவுகள். நுனியில் இருக்கும் சொற்பப் பிடி ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகிவிடும். கால் அங்குலம் விட்டால் 20 வளைவுகள். பெருக்கம் வெறும் 33. அந்தக் கால் அங்குலத்திலும் பாதி பிசிறாக உதிர்ந்துபோனால் மிஞ்சுவது 10 வளைவுகள். பிடி ஆறு மடங்குக்கும் கீழே இறங்கிவிடும். பிசிறு பார்வைக்கு அசிங்கம் என்பதற்காக மட்டும் ஓரம் கட்டுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில், ஓரத்தில் உதிரும் ஒவ்வோர் இழையும் தையலின் பிடியைப் பெருக்கல் கணக்கில் குறைத்துக்கொண்டே வருகிறது.

வாசகி அனுப்பிய படத்தில், அக்குளில் அவர் விட்டிருந்த உள்துணி கால் அங்குலம்தான் இருந்தது. பருத்தியில் அதுவே போதுமாயிருந்திருக்கிறது, ஏனெனில் பருத்தி நூல் என்பது மூன்று சென்டிமீட்டர் அளவே நீளமுள்ள, முறுக்கிய நாடா போன்ற இழைகளைச் சேர்த்து நூற்றது. அதன் மேலெங்கும் இழை நுனிகள் மயிராக நீட்டிக்கொண்டு, பக்கத்து நூலைப் பற்றிக்கொள்கின்றன. பட்டு அப்படியல்ல. ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் அறுபடாமல் வரும் இழை அது. எடையில் ஏறத்தாழ கால் பங்கு இருக்கும் செரிசின் பசையைக் காய்ச்சி நீக்கிய பிறகு அது வழுவழுவென்று ஆகிவிடுகிறது. நம் கணக்கில் உராய்வுக் குணகத்தை 0.25-இலிருந்து 0.20-க்குக் குறைத்துப் பாருங்கள்: கால் அங்குலத்தின் பெருக்கம் 33-இலிருந்து 16-க்கு வந்துவிடும். சாட்டின் நெசவானால் நிலைமை இன்னும் மோசம். அதில் இழை நான்கு எதிரிழைகளைத் தாண்டி ஒன்றின் கீழ் மட்டும் நுழைவதால் வளைவுகளே குறைவு. எந்தப் பளபளப்புக்காக நாம் அதை வாங்குகிறோமோ, அதுவே அதன் பலவீனமும் ஆகிறது.

இரண்டு மூன்று முழ நீளமே உள்ள நார்களைக் கொண்டு திரித்த நூறு முழக் கயிறு எப்படி அறுபடாமல் தாங்குகிறது என்ற கேள்வியைக் கலிலியோ 1638-இலேயே எழுப்பியிருக்கிறார். நூற்ற நூலில் இழுவிசை எப்படிக் கடத்தப்படுகிறது என்பதைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரை, முன்னணி இயற்பியல் இதழ் ஒன்றில் 2018-இல்தான் வெளிவந்தது. துணியின் இயற்பியல் அவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்திருக்கிறது. 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு நிறுவனம் சேலத்தில் இயங்குகிறது. வெண்பட்டு நெய்யும் தறிகள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எந்த நெசவுக்கு எத்தனை அங்குலம் உள்துணி விட வேண்டும் என்று அளந்து, ஒவ்வொரு பிட்டிலும் சீட்டாக ஒட்டித் தருகிற அளவுக்கு இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கினால், செலவு ஒன்றும் பெரிதாகிவிடாது என்பது என் கருத்து.

ஓரத்தில் இழை உதிர்வது எப்படி என்று ஊசி முனையால் கிளறிப் பார்த்தால் தெரியும். நேராக வெட்டிய ஓரத்தில், கடைசி இழை அந்த ஓரத்துக்கு இணையாகவே படுத்திருக்கிறது. ஒரு பக்கம் துணி, மறுபக்கம் வெறும் வெளி. குறுக்கிழைகளின் குட்டை நுனிகள் மட்டுமே அதைப் பிடித்திருப்பதால், லேசாகத் தள்ளினாலே முழு நீளமும் கழன்று வருகிறது. மூலைவாட்டில், அதாவது 45 பாகையில் கிராஸாக வெட்டிய துணியில் ஓரத்துக்கு இணையாக ஓர் இழையும் இல்லை. ஒவ்வொன்றின் மறுமுனையும் துணியின் உள்ளே நூற்றுக்கணக்கான வளைவுகளில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கிராஸ் பீஸ் பிசிறடிக்காததற்கும், பல் பல்லாக வெட்டும் ஜிக்ஜாக் கத்தரி ஓரளவு பயன்படுவதற்கும் காரணம் இதுவே. ஓரத்தைத் தீயில் காட்டிப் பொசுக்குவது பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைத் துணிக்கு மட்டுமே சரிப்படும். அது உருகி இறுகும். பட்டும் பருத்தியும் உருகுவதில்லை, கருகத்தான் செய்யும்.

ஓவர்லாக் இல்லாத வீட்டுக்குத் தகுந்தது பிரெஞ்சு தையல். உள்ளே எட்டில் ஐந்து பங்கு அங்குலம், அதாவது அரை அங்குலமும் அரைக்கால் அங்குலமும் சேர்த்து விட்டு வெட்ட வேண்டும். முதலில் துணியின் உள்புறங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து, ஓரத்திலிருந்து எட்டில் மூன்று பங்கு அங்குலம், அதாவது கால் அங்குலமும் அரைக்கால் அங்குலமும் சேர்த்துத் தள்ளி ஒரு தையல். பழக்கத்துக்கு நேர்மாறாக இருப்பதால் முதல்முறை கை தயங்கும். பிறகு ஓரத்தை அரைக்கால் அங்குலத்துக்கு ஒட்ட நறுக்கி, தையலை இஸ்திரி போட்டுப் படியவைத்து, வெளிப்புறங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு மடித்து, மடிப்பிலிருந்து கால் அங்குலத்தில் இரண்டாவது தையல் போட வேண்டும். 11-ஆம் எண் ஊசியும், இரண்டு மில்லிமீட்டர் தையலும் பட்டுக்குப் பொருந்தும். இரண்டாவது தையலுக்கு முன் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை வெட்டாவிட்டால், அவை வெளிப்பக்கத்தில் மீசையாக எட்டிப் பார்க்கும்.

வெட்டிய ஓரம் உள்ளே அடைபட்டுவிடுவதால் உடம்பிலோ துவைகல்லிலோ உரச வழியில்லை என்பது இதன் ஒரு பலன். என்னை அதிகம் ஈர்ப்பது மற்றொன்று. இழை இரண்டாவது தையலிலிருந்து கால் அங்குலம் ஓடி, மடிப்பில் 180 பாகை திரும்பி, மீண்டும் அரைக்கால் அங்குலம் உள்ளே ஓடுகிறது. 30 வளைவுகளில் பிடி ஏறக்குறைய 190 மடங்காகிறது. மடிப்பின் அரைச் சுற்று அதையும் இரட்டிப்பாக்குகிறது. இத்தனையும் கால் அங்குல அகலத்துக்குள்!

ஆனால் ரவிக்கை முழுவதையும் இப்படித் தைத்துவிட முடியாது. தோள்பட்டைத் தையலுக்கு இது மிகப் பொருத்தம். பக்கத் தையலில், பின்னால் பிரித்து விட்டுக்கொள்ள ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் உள்ளே விடுவது நம் வழக்கம். பிரெஞ்சு தையல் போட்டால் அந்த வசதி போய்விடும். அங்கே 80 வளைவுகள் ஏற்கெனவே இருப்பதால், இருபுற ஓரங்களையும் தனித்தனியே மடித்து அடித்துவிட்டாலே போதும். கை பொருத்தும் வட்டத்தில் மடிப்பு கனத்துச் சுருங்கும் என்பதால், ஒன்றேகால் அங்குல அகலக் கிராஸ் பீஸால் ஓரத்தைச் சுற்றிக் கட்டுவதே முறை. கிராஸ் துணி வளைவோடு நெளிந்து கொடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் இறுக்கமான பட்டு ரவிக்கைக்குப் பருத்தி லைனிங் கொடுப்பதை நான் வலியுறுத்துவேன். இரண்டையும் ஒரே துணியாகச் சேர்த்துத் தைக்கும்போது இழுவிசையின் பெரும்பகுதியை லைனிங் வாங்கிக்கொள்கிறது. பட்டின் இழைகள் உருவிக்கொள்ளும் நிலைக்கே போவதில்லை. இதற்கு லைனிங், பட்டைவிட இம்மியளவும் தொளதொளப்பாக இருக்கக் கூடாது. வெட்டுவதற்கு முன்பே அதை நனைத்து உலர்த்தி, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.