8.12 லோக்கலும் ஒரு மறதிப் புகாரும்

"அப்பாவுக்கு எல்லாம் மறந்து போகுது டாக்டர்." மகன் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வயது 77. 1971-இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்து, ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதி, 2007-இல் ஓய்வு பெற்றவர். மனைவி போய் மூன்று வருஷம். (ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக இரண்டு மூன்று பேரை ஒருவராக்கி எழுதுகிறேன்.)

மும்பைப் புறநகரான முலுண்டில் என் கிளினிக்குக்கு வருகிற முதியவர்களில் பாதிப்பேர் இந்தப் புகாரோடுதான் வருகிறார்கள். வழக்கமான பரிசோதனையைச் செய்தேன். இன்றைக்கு என்ன தேதி? "தெரியலை." சற்று முன்பு சொன்ன மூன்று சொற்கள்? "தெரியலை." ஒரு கடிகாரம் வரையுங்கள் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மதிப்பெண் மிகக் குறைவு. நினைவும் சிந்தனையும் தேய்ந்துகொண்டே போகும் டிமென்ஷியாவின் தொடக்கம் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அவசரப்பட்டது நான்தான்.

அந்தத் "தெரியலை"யை நான் கவனித்திருக்க வேண்டும். டிமென்ஷியா உள்ளவர்கள் பலர் கேள்வியை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். தப்பான தேதியைத் தைரியமாகச் சொல்வார்கள், சிரித்து மழுப்புவார்கள், பதிலுக்காக மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். மனச்சோர்வில் இருப்பவர் முயற்சியே செய்யாமல் "தெரியலை" என்று முடித்துவிடுவார். இதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு துப்பு, அவ்வளவுதான். முதியவர்களின் மனச்சோர்வை அறிய நாங்கள் பயன்படுத்தும் 15 கேள்விப் பட்டியலிலேயே, "மற்றவர்களைவிட உங்களுக்கு மறதி அதிகம் என்று நினைக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. அப்புறம், தேதி விஷயம். பதினைந்து வருஷத்துக்கு மேலாக எந்த நாளும் ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இருக்கிற மனிதருக்குத் தேதி எதற்கு?

அடுத்த முறை அவர் வந்த அன்று நல்ல மழை. லோக்கல் ரயில்கள் குர்லாவில் நின்றுவிட்டதாக வரவேற்பில் இருந்த பெண் யாரிடமோ சத்தமாகச் சொன்னாள். பெரியவர் நிமிர்ந்தார். "குர்லாவில தண்ணி ஏறினா வித்யாவிஹாரிலேயே இறங்கிடணும்" என்றார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவரை நிறுத்த முடியவில்லை.

காலை 8.12 ஃபாஸ்ட், அதாவது எல்லா ஸ்டேஷனிலும் நிற்காத லோக்கல் ரயில். டோம்பிவிலிக்காரர் ஜன்னல் பிடித்து வருவார். தாணேயில் மாஸ்டர் ஏறுவார். முலுண்டில் ஏறும் இவருக்கு நாலாவது சீட், அதாவது மூன்று பேர் பலகையின் நுனியில் பாதி உடம்பு. காட்கோபர் தாண்டியதும் ஒருவர் எழுந்து இடம் கொடுப்பார், முறை வைத்து. ப்ரீஃப்கேஸ் மேல் சீட்டுக்கட்டு. தசராவுக்கு முந்தின நாள் பெட்டிக்கு மாலை, தோரணம், பூஜை, எல்லாருக்கும் பேடா. வீட்டில் இவர் அப்பா, வண்டியில் 'அக்கவுண்ட்ஸ் அண்ணா'. இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய சிநேகம்.

"இப்போ அவங்க எல்லாம் எங்கே?" என்றேன்.

"ஒருத்தர் நம்பரும் எங்கிட்ட இல்லை. பாதிப்பேருக்குப் பேரே தெரியாது. தினமும் பார்க்கிற ஆளுக்குப் பேரு எதுக்கு?"

பழையதெல்லாம் இத்தனை துல்லியமாக நினைவிருக்கிறதே, அப்படியானால் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று மகன் முகம் மலர்ந்தார். இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. டிமென்ஷியாவில் பரவலான வகையான அல்சைமர் நோய் வழக்கமாக முதலில் தாக்குவது மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியை. புது நினைவுகளைச் சேர்த்து வைப்பது அதன் வேலை. அதனால் காலையில் சாப்பிட்டது மறந்துபோகும், 1985 பளிச்சென்று நிற்கும். நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. எல்லாம் தனிமைதான் என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு, அதுவும் மறதியைக் கொண்டுவரும். சுத்த சைவம், போதாததற்குப் பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். இரண்டு காதும் மந்தம், யாரும் கவனிக்கவில்லை. நான் சொன்ன மூன்று சொற்களும் அவர் காதில் விழுந்தனவா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். தூக்க மாத்திரை வேறு, மருத்துவச் சீட்டில்லாமல். டிமென்ஷியா குறித்து லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024-இல் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்தால் டிமென்ஷியாவை 45 சதவீதம் அளவுக்குத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது. காது கேளாமை, மனச்சோர்வு, ஒதுங்கி வாழ்தல் மூன்றும் அதில் உண்டு. இவரிடம் மூன்றும் இருந்தன. ஒன்று மற்றொன்றை இழுத்து வரும். காது கேட்காதவர் பேச்சுக்குப் போகமாட்டார்.

பெண்கள் கதை வேறு. தாராவியிலும் சயன் கோலிவாடாவிலும் சால் எனப்படும் ஒண்டுக்குடித்தனத்தில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு, கட்டடம் இடிபட்டு, பதினான்காவது மாடிக்குப் போனவர்கள். பொது வராந்தாவில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி பேசிய நாலு பேரும் நாலு டவரில். லிஃப்டுக்குப் பயம், இந்தி அரைகுறை. "கக்கூஸ் உள்ளேயே இருக்கு டாக்டர், பேச ஆள்தான் இல்லை" என்று ஒரு அம்மா சொன்னார். அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஞாபகப் பரிசோதனையை இந்தியில் எழுதித் தோற்றவர். தமிழில் கேட்டதும் தேறினார்.

"நாங்க எல்லாரும் இருக்கோமே" என்று பிள்ளைகள் சொல்வதில் ஒரு வருத்தம் இருக்கும். நியாயம்தான். ஆனால் மகனுக்குத் தெரிந்தவர் அப்பா. சீட்டாட்டத்தில் கள்ளத்தனம் செய்த அக்கவுண்ட்ஸ் அண்ணாவை அவருக்குத் தெரியாது. தமிழ்ச் சங்கம், பஜனை என்று கொண்டுபோய் விடுவதும் நல்லதே, ஆனால் ஐம்பது புது முகங்களைவிட முதலில் ஒரு பழைய முகத்தைத் தேடுங்கள் என்பேன். அதற்கும் வழியில்லாதவர்கள் முதியோர் உதவி எண் 14567-ஐயும், மனம் பாரமானால் டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416-ஐயும் அழைக்கலாம். இரண்டுமே இலவசம்.

நம் பெரியவரின் மகன் ஒரு காரியம் செய்தார். 8 மணி வாக்கில் முலுண்டிலிருந்து அதே பெட்டியில் சில நாள் ஏறி, "இங்கே அக்கவுண்ட்ஸ் அண்ணாவைத் தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று கேட்டுப் பார்த்தார். நாலாம் நாள் ஒரு தலை திரும்பியது. அந்தக் காலத்தில் குழுவிலேயே சின்னப் பையன், இப்போது ஐம்பதைத் தாண்டியவர். டோம்பிவிலிக்காரர் இறந்துவிட்டார். மாஸ்டர் தாணேயில் இருக்கிறார்.

ஆறு மாதம் கழித்துப் பெரியவரின் மதிப்பெண் நன்றாகவே ஏறியிருந்தது. பி12 ஊசியா, காதுக் கருவியா, நிறுத்திய தூக்க மாத்திரையா, மாஸ்டரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியாக வந்தபோது மாஸ்டரையும் கூட்டி வந்திருந்தார். அது 8.12 இல்லை, 8.21 என்றார் மாஸ்டர். "உனக்குத்தான் மறதி, டாக்டரிடம் காட்டு" என்றார் இவர். எனக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். இருவரும் எழுந்திருப்பதாக இல்லை.