வட்டி என்னவோ எப்போதும் 5 சதவீதம்தான்: சிங் சீனாவின் ரயில் கடன்கள்

1898இல் சீனாவை ஆண்டுகொண்டிருந்த சிங் அரச வம்சத்தின் அரசு ஒரு பெல்ஜிய நிறுவனத்திடம் ரயில் போடக் கடன் வாங்கியது. வட்டி 5 சதவீதம். 1903இல் பிரிட்டிஷாரிடம் வாங்கியதற்கும் 5. 1908இல் ஜெர்மானியரும் பிரிட்டிஷாரும் சேர்ந்து கொடுத்ததற்கும், 1911இல் நான்கு நாட்டு வங்கிகள் கொடுத்ததற்கும் அதே 5. பிறகு எதற்காக ஒவ்வொரு கடனுக்கும் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் பேரம் நடந்தது?

ஜப்பானிடம் தோற்ற சீனா, 1895 ஒப்பந்தப்படி 20 கோடி டேல் (டேல் என்பது சீனாவின் வெள்ளி எடைக் கணக்கு) வெள்ளியை நஷ்ட ஈடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கஜானா காலி. அதிகாரிகள் நடத்தும் கம்பெனியில் பணம் போட உள்ளூர் வியாபாரிகளும் தயங்கினார்கள். 1896இல் ரயில்வே தலைமைப் பொறுப்பை ஏற்ற ஷெங் ஷுவான்ஹுவாய்க்கு வெளிநாட்டுக் கடனை விட்டால் வேறு வழி இருக்கவில்லை.

முதல் பேரம், கைக்கு எவ்வளவு வரும் என்பது. வங்கி லண்டனிலோ பாரிஸிலோ பொதுமக்களிடம் 100 பவுண்டு முகமதிப்புள்ள கடன் பத்திரங்களை விற்கும். சீனாவுக்குக் கிடைப்பது 90. பத்தாயிரம் கடன் கேட்டால் முன்வட்டி பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பாரே வட்டிக்காரர், அதே கணக்கு. வட்டியோ 100க்கு, கடைசியில் அடைக்க வேண்டியதும் 100. அப்போதே உண்மையான வட்டி 5.56 சதவீதம் ஆகிவிடுகிறது. தண்டவாளம் போட்டு முடிக்கும்வரை ரயிலுக்கு வருமானம் கிடையாது. அந்த ஆண்டுகளின் வட்டியையும் வாங்கிய கடனிலிருந்தே கட்ட வேண்டும்.

இன்னொரு ஆபத்து, பயணிகள் கட்டணம் வெள்ளியில் வரும், கடனோ தங்கத்தில். 1870களின் தொடக்கத்தில் ஒரு சுங்க டேலுக்கு (சுங்க வரி வசூலில் புழங்கிய டேல்) ஆறு பிரிட்டிஷ் ஷில்லிங்குக்கு மேல் கிடைத்தது. 1903 வாக்கில் மூன்றுகூடத் தேறவில்லை. வெள்ளி மலிய மலிய, அதே கடனை அடைக்கக் கூடுதல் வெள்ளி வேண்டும்.

இதெல்லாம் வெறும் பணக்கணக்கு. உண்மையான சண்டை ஒப்பந்தத்தின் அடுத்த பக்கங்களில்தான். 1903இல் கையெழுத்தான ஷாங்காய்–நான்ஜிங் ஒப்பந்தத்தைப் பாருங்கள். கடன் 32.5 லட்சம் பவுண்டு, தவணை 50 ஆண்டு. அடமானம் அந்த ரயில் பாதையேதான். நிர்வாகக் குழுவில் ஐந்து பேர்: இரண்டு சீனர், இரண்டு பிரிட்டிஷார், ஐந்தாவது தலைமைப் பொறியாளர். அவரும் பிரிட்டிஷ்காரர். எந்த ஓட்டெடுப்பிலும் முடிவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. வாங்கும் சாமான்களுக்கு 5 சதவீதம் தரகு கடன் கொடுத்த தரப்புக்கே. ஆக, தண்டவாளத்தின் விலை ஏறினால் தரகும் ஏறும். சிக்கனமாக வாங்க அவர்களுக்கு என்ன அவசியம்? ரயில் லாபம் ஈட்டினால் நிகர லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவர்களுக்கே. என்னைக் கேட்டால், இதற்குப் பதிலாக 7 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தாலும் தேவலை.

ஷெங் விவரம் தெரியாதவர் அல்ல. பெய்ஜிங்–ஹான்கோ பாதைக்கு அவர் பெல்ஜியத்தைத் தேர்ந்தெடுத்ததே, அது சிறிய நாடு, சீன மண்மீது கண் வைக்காது என்ற கணக்கில்தான். ஆனால் பெல்ஜியத்தின் பின்னால் பிரெஞ்சுப் பணம் நின்றது, அதையொட்டி ரஷ்ய வங்கியும். கான்டன்–ஹான்கோ பாதைக்கு அமெரிக்கக் கம்பெனியைப் பிடித்தார்கள். அதன் பெரும்பான்மைப் பங்குகளைப் பெல்ஜியர்கள் சத்தமில்லாமல் வாங்கிவிட்டார்கள். 1905இல் 67.5 லட்சம் டாலர் கொடுத்து அந்த உரிமையை மீட்க வேண்டியதாயிற்று. மீட்பதற்கும் ஹாங்காங் அரசிடம் 11 லட்சம் பவுண்டு கடன்!

இந்த அடிகளுக்குப் பிறகு சீனத் தரப்பு தேறியது. 1908இல் தியான்ஜின்–புகோ பாதைக்கு வாங்கிய 50 லட்சம் பவுண்டு கடனில் கைக்கு வந்தது 100க்கு 93. அதைவிட முக்கியம், அடமானமாக வைத்தது ரயிலை அல்ல, மாகாணங்களின் வரி வருவாயை. கட்டுமானமும் நிர்வாகமும் முழுக்கச் சீன அரசிடம். வெளிநாட்டுப் பொறியாளர்கள் உண்டு, ஆனால் சீன இயக்குநரின் கீழே. இதன்பின் எந்த வங்கி வந்தாலும் 'புகோ நிபந்தனைகளைக் கொடு' என்று கேட்பதே சீன அதிகாரிகளின் வழக்கமாயிற்று.

அப்படிக் கேட்டவர்களில் மூத்த அமைச்சர் ஜாங் ஜிடோங்கும் ஒருவர். 1909 தொடக்கத்தில் ஹுகுவாங் (ஹுபே, ஹுனான் மாகாணங்கள்) பாதைகளுக்காகப் பேச வந்த பிரிட்டிஷ் பிரதிநிதி பிளாண்ட், செலவின்மீது தங்களுக்குப் பிடி வேண்டும் என்று அடம் பிடித்தார். புகோ பாதையில் பணம் வீணாகிறது என்பது அவர் வாதம். அது முற்றிலும் பொய்யும் இல்லை, அதே ஆண்டு அதன் வடபகுதி இயக்குநர் ஊழல் புகாரில் பதவி இழந்தார். ஜாங் விவாதிக்கவே இல்லை. நேரே ஜெர்மன் வங்கியிடம் போனார். அவர்கள் புகோ நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

பதிலுக்கு வங்கிகள் கண்ட வழி, போட்டி போடாமல் கூட்டு சேர்வது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஒன்று சேர்ந்தன. எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அமெரிக்க அதிபர் டாஃப்ட் சீன ஆட்சிப் பொறுப்பாளர் இளவரசர் சுன்னுக்கு நேரடியாகத் தந்தியே அடித்தார். அந்த இழுபறியில் கடன் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது.

1911 மே 20 அன்று 60 லட்சம் பவுண்டு ஹுகுவாங் கடனுக்கு ஷெங் கையெழுத்திட்டார். கைக்கு 95, அதுவரை இல்லாத நல்ல விலை. ஆனால் அதற்குப் பதினொரு நாள் முன்புதான் அரசு மாகாண ரயில் கம்பெனிகளைத் தேசியமயமாக்கியிருந்தது. சிச்சுவானில் நில வாடகையோடு சேர்த்து வசூலித்த பணம்தான் கம்பெனியின் பங்கு மூலதனம்; சிறு நிலக்காரர்கூடப் பங்குதாரர். கம்பெனி ஷாங்காய் சந்தைச் சூதாட்டத்தில் தொலைத்த சுமார் 30 லட்சம் டேலை ஈடுகட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. மாகாணம் கொதித்தது. செப்டம்பரில் அதன் தலைநகர் செங்டுவில் ஆர்ப்பாட்டக்காரர்கள்மீது துப்பாக்கிச் சூடு. அடக்குவதற்கு ஹுபேயிலிருந்து படைகள் கிளம்பின. படை குறைந்த ஹுபே தலைநகர் வுச்சாங்கில் அக்டோபர் 10 அன்று கிளர்ச்சி வெடித்தது. சில மாதங்களில் முடியாட்சியே போயிற்று.

கடன் போகவில்லை. குடியரசு அதைச் சுமந்தது. 1930களின் பிற்பகுதியில் வட்டி நின்றது. 1979இல் அமெரிக்கப் பத்திரதாரர்கள் அலபாமாவில் சீன அரசின்மீது வழக்குப் போட்டார்கள். சீனா நீதிமன்றத்துக்கு வர மறுத்ததால், 1982இல் 4.1 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பெய்ஜிங் வழக்கறிஞர் வைத்து வாதாடிய பிறகு, 1984இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. வெளிநாட்டு அரசுகள்மீது வழக்குத் தொடர வழி செய்யும் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை, 1911இல் போட்ட கடனுக்குப் பின்னோக்கிப் பொருத்த முடியாது என்றது நீதிமன்றம்.