கொடியிலேயே முடிந்துவிடும் இனிப்பு

வத்தகப்பழத்தைக் கொடியிலிருந்து வெட்டி எடுத்தபின் அதில் ஒரு துளி இனிப்பும் கூடுவதில்லை. முற்றிய மாங்காயை வைக்கோலுக்குள் வைத்துக் காத்திருக்கலாம், வாழைக்குலைக்குப் புகை போடலாம். வத்தகப்பழத்துக்கு இவை எதுவும் பயன்படா. மாங்காயிலும் வாழைக்காயிலும் மாப்பொருள் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. பறித்த பின்னர் அது சீனிச்சத்தாக மாறுவதால் அவை வீட்டு மூலையிலும் இனிக்கின்றன. வத்தகப்பழத்தில் அப்படியொரு சேமிப்பு இல்லை. இலைகள் அனுப்பி வைத்த சீனிச்சத்து எவ்வளவோ அவ்வளவுதான் அதன் இனிப்பு. சந்தையில் வாங்கும் பழத்தில் அதைத் தீர்மானித்தவர் நாம் அறியாத ஒருவர். லொறி ஏறும் நாளைக் கணக்கிட்டே அவர் வெட்டியிருப்பார். வீட்டு வளவில் நான்கு கொடி வளர்ப்பவருக்கு அந்த அவசரம் கிடையாது.

தமிழகத்தார் தர்ப்பூசணி என்று அழைக்கும் இந்தப் பழம் ஆபிரிக்காவில் தோன்றியது. சூடானின் கோர்டோஃபான் பகுதியில் வளரும், வெண்சதையும் கசப்பின்மையும் கொண்ட ஒரு வகையே இன்றைய வத்தகைக்கு மிக நெருங்கிய உறவு என்று 2021ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. காட்டு உறவினங்களுள் பல, குகர்பிற்றாசின் என்னும் பொருளால் வாயில் வைக்க முடியாதபடி கசப்பவை. நம் ஊர்களில் பேய்க்கொம்மட்டி என்று சொல்லப்படுவது அந்த வகையைச் சேர்ந்ததே. வறண்ட மணல் நிலத்தில் பிறந்த கொடி என்பதால், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல் திடலும், அதன் தொடர்ச்சியாகக் கல்முனை, திருக்கோவில், பொத்துவில் எனத் தெற்கே நீளும் கரையோரமும் அதற்கு அந்நியமானவை அல்ல.

மணலின் சிறப்பு அதன் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள பெரிய இடைவெளிகளில் இருக்கிறது. ஊற்றிய நீர் விரைந்து கீழே இறங்கிவிடுவதால் வேர்களைச் சுற்றிக் காற்று எப்போதும் நிற்கிறது; ஈரம் தேங்கினால் அழுகிப்போகும் வத்தகை வேருக்கு அந்தக் காற்று மிக அவசியமானது. ஆனால் அதே காரணத்தால் பசளையும் நீரோடு கரைந்து ஆழத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே ஒன்றரை அடி அகலமும் ஆழமும் கொண்ட குழியில் நன்கு மக்கிய மாட்டெருவையும் மேல்மண்ணையும் கலந்து நிரப்பி, அதில் நேரடியாக விதையிடுவதே நல்லது. வேர் குலைந்தால் இக்கொடி எளிதில் தேறாது என்பதால், நாற்றைப் பிடுங்கி நடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கிணற்று நீரைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். கரையோர மணலில் மழைநீர் உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. நன்னீர் சற்று இலேசானது என்பதால், கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் வைத்து மேலிருந்து அரை அடி இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து 20 அடி உவர்நீர் ஏறிவரும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் கிணறு கரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உப்பு கூடிய நீரிலிருந்து வேர் பிரசாரணத்தால், அதாவது செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் ஊடுருவும் முறையால், நீரை உறிஞ்சுவது கடினம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடுவதைக் கண்டால் நாவில் ஒரு துளி கிணற்று நீரை வைத்துப் பார்ப்பது நல்லது. மாரி மழை ஓய்ந்ததும், கிணறு நிறைந்திருக்கும் மாசி மாத அளவில் விதைப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. மழைக்குள் விதைத்தால் இலைகளில் பூஞ்சணம் பிடிக்கும்.

விதைத்த ஐந்தாறு வாரங்களில் மஞ்சள் பூக்கள் வரும், வந்து உதிரும். இதைக் கண்டு பதறுபவர்கள் பலர். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வதே இயல்பு. சில நாட்களின் பின், இதழுக்குக் கீழே மயிர் படர்ந்த சிறு காய் போன்ற சூலகத்தோடு பெண் பூக்கள் தோன்றும். ஒரு பெண் பூ விரிந்திருப்பது ஒரே ஒரு நாள். அதிலும் காலைப்பொழுதிலேயே அதன் வாய்ப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மகரந்தத்தை ஏற்கும் அதன் குறி மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். மூன்றிலும் சீராக, நூற்றுக்கணக்கான மகரந்தமணிகள் படிந்தால்தான் உள்ளே விதைகள் சீராக உருவாகும். வளரும் விதைகள் சுரக்கும் ஓமோன்களே சுற்றியுள்ள சதையை வளரச் செய்கின்றன. ஒரு பக்கம் மட்டும் மகரந்தம் படிந்தால் பழம் கோணலாகும். தேனீ ஒரு தடவை வந்து போவது போதாது. பல தடவைகள் வரவேண்டும். மதில்களும் சீமெந்துத் தரைகளும் பெருகிவிட்ட வளவுகளில் தேனீ வரத்துக் குறைவாயின், காலை 9 மணிக்கு முன்னர் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் மூன்று மடல்களிலும் மெல்லத் தடவிவிடலாம். அப்படித் தடவிய நாளை ஒரு சிறு அட்டையில் எழுதிக் காம்பருகே கட்டிவிடுங்கள். அதன் பயன் பின்னர் தெரியும்.

காய் பிடித்த பின்னர் நடப்பது ஒரு பெரும் போக்குவரத்து. இலைகள் ஒளித்தொகுப்பினால் ஆக்கிய உணவு, தண்டின் உரியக் குழாய்கள் வழியே காயை நோக்கி ஓடுகிறது. பெரும்பாலான தாவரங்கள் இதனைச் சுக்குரோசு வடிவில் அனுப்பும். பூசணிக் குடும்பத்துக் கொடிகளோ இரபினோசு, சுற்றக்கியோசு என்னும் பெரிய மூலக்கூறுகளாகக் கட்டி அனுப்புகின்றன. இவற்றில் இனிப்பு மிகக் குறைவு. காயை அடைந்ததும் நொதியங்கள் அவற்றை உடைக்க, அங்கே குளுக்கோசும் பிரக்ரோசும் சுக்குரோசும் சேர்கின்றன. முதல் மூன்று வாரங்களில் காய் பருமனில்தான் கவனம் செலுத்துகிறது. அப்போது வெட்டினால் உருவம் முழுப் பழத்தினுடையதாக இருக்கும். சுவை வெள்ளரிப்பிஞ்சினுடையதாக இருக்கும். சுக்குரோசு பெருமளவில் நிறைவது கடைசி இரண்டு வாரங்களிலேயே. எனது முதலாவது பழத்தை 24ஆம் நாளில் வெட்டி, இளஞ்சிவப்புக் கோடுகள் ஓடிய வெண்சதையை வீட்டாரின் முன்னிலையில் காட்டிய அனுபவம் எனக்குண்டு.

இந்த இனிப்பின் அளவைச் சிந்தித்துப் பார்த்தால் கொடியின் மீது மதிப்பு வரும். வத்தகப்பழத்தில் ஏறக்குறைய 92 வீதம் நீர். 100 கிராம் சதையில் 6 முதல் 9 கிராம் வரை சீனிச்சத்து. சதை மட்டும் 3 கிலோகிராம் தேறும் பழத்தில் 180 முதல் 270 கிராம் வரை சீனிச்சத்து இருக்கிறது. தேநீர்க் கோப்பை ஒன்றுக்கு இரண்டு கரண்டி போடுபவருக்கு இருபது கோப்பைகளுக்கு மேல் போதுமானது. இத்தனையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து கொடியின் இலைகள் ஆக்கியவை. ஆதலால்தான் ஒரு கொடியில் ஐந்தாறு காய்களை விட்டுவைத்தால் எல்லாமே சப்பென்று போகின்றன. இரண்டு காய்களை நிறுத்திக்கொண்டு ஏனையவற்றைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுவது மனத்துக்கு வருத்தமாக இருந்தாலும், மிச்சமுள்ளவற்றுக்குக் கிடைக்கும் பங்கு கூடுகிறது. கிள்ளிய பிஞ்சைக் கறியாக்கலாம். பழ ஈ பிஞ்சைக் குத்தி முட்டையிடும் என்பதால், நிறுத்திய காய்களைக் கடதாசியால் மூடி, அடியில் வைக்கோல் இட்டுவைக்கவேண்டும்.

இலைகளைப் பறிப்பதும் கொடியை மிதிப்பதும் இனிப்பைத் திருடுவதற்குச் சமம். கடைசி வாரத்தில் மிகையாக நீர் ஊற்றுவதும் அப்படியே. அளவு மீறிய நீர் சீனிச்சத்தைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்கிறது. அதோடு, காய்ந்திருந்த மண்ணில் திடீரென ஈரம் மிகும்போது கலங்கள் பிரசாரணத்தால் நீரை இழுத்து வீங்க, ஏற்கெனவே வளர்ச்சி நின்ற தோல் அந்த அமுக்கத்தைத் தாங்காமல் வெடிக்கிறது. இலை வாடாத அளவுக்கு மட்டும் நீர் போதும்.

இனி வெட்டும் நாள். சூடான நம் பகுதியில், மகரந்தம் சேர்ந்த நாளிலிருந்து வகைக்கேற்ப 30 முதல் 40 நாட்கள் வரை ஆகும். சுகர் பேபி போன்ற சிறிய, கரும்பச்சை உருண்டை வகைகள் முன்னதாகவே முற்றும். அட்டையில் எழுதிய தேதி இங்கே கைகொடுக்கிறது. அதற்கு அடுத்ததாக நான் நம்புவது, பழக் காம்பு தொடங்கும் அதே கணுவிலுள்ள, கொடி பற்றிப் படர உதவும் சுருண்ட தந்து. அது அடிவரை காய்ந்து பழுப்பானால் பழம் வெட்டும் பருவத்துக்கு வந்துவிட்டது. நிலத்தைத் தொட்டுக்கிடந்த, வெயில் படாத பகுதி வெள்ளையிலிருந்து வெண்ணெய் மஞ்சளாக மாறியிருக்கவேண்டும்.

தட்டிப் பார்ப்பதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கொள்கை உண்டு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அரைவாசிதான். பறையைத் தீயில் காய்ச்சித் தோலை விறைப்பேற்றினால் ஒலி உயர்கிறது, தோல் தளர்ந்தால் தாழ்கிறது. காயின் சதை முற்றும்போது கலச்சுவர்கள் நெகிழ்வதால் விறைப்புக் குறைந்து, ‘டங்’ என்றிருந்த ஒலி ‘தொம்’ என்று தாழ்கிறது. ஆனால் ஒலியின் உயரம் விறைப்பை மட்டுமன்றி நிறையையும் பொறுத்தது. பெரிய காய், முற்றாதபோதும், சிறிய பழத்தைவிடத் தாழ்ந்த ஒலியைத் தரக்கூடும். எனவே குவியலில் கிடக்கும் வெவ்வேறு பருமனான பழங்களைத் தட்டி ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை. ஒரே பழத்தை நாள்தோறும் தட்டி, ஒலி மாறுவதைக் கவனிக்கும் வாய்ப்பு வளவுக்காரருக்கே உண்டு.

அதே குடும்பத்து வெள்ளரிப்பழம் முற்றிலும் வேறு இயல்புடையது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் வீதியோரங்களில், வெயில் மாதங்களில், வெடித்து மாவாய் மலர்ந்த இப்பழத்தை ஓலையால் சுற்றி வைத்திருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். முலாம்பழத்தின் இனத்தைச் சேர்ந்த இது முற்றும்போது எதிலீன் வாயுவைப் பெருமளவில் வெளியிடுகிறது. அந்த வாயு கலச்சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பெற்றின் என்னும் பசையைக் கரைக்கும் நொதியங்களை எழுப்பிவிட, சதை மாப்போல உதிர்கிறது, மெல்லிய தோல் பிளக்கிறது, மணம் தெருவரை வருகிறது. வெடிப்பு ஓடத் தொடங்கியதும் வெட்டி ஓலை சுற்றி வைத்தால் வீட்டிலேயே மேலும் மென்மையாகும். ஆயினும் அதிலும் மாப்பொருள் சேமிப்பு இல்லை. மணமும் மென்மையும் கூடுமே ஒழிய இனிப்பு கூடாது. இயல்பிலேயே இனிப்புக் குறைந்த பழம் என்பதால்தான் சீனியோ சர்க்கரையோ தூவி, தேங்காய்ப்பால் விட்டு உண்கிறோம். அந்தச் சேர்க்கைக்கு முன்னால் கடையில் விற்கும் எந்தப் பழச்சாறும் நிற்காது என்பது என் பக்கச்சார்பான தீர்ப்பு.

ஒரு எச்சரிக்கை: இரண்டையும் ஒரே கூடையில் வைக்கக்கூடாது. வத்தகப்பழம் தானாக எதிலீனை மிகக் குறைவாகவே வெளியிடுகிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் எதிலீன் அதன் சதையைக் குழைத்து நீராக்கிவிடும். பழுக்கும் வாழைக்குலைக்கு அருகிலும் வைக்கவேண்டாம்.

முழுப் பழத்தை நாட்கணக்கில் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தவறு. ஆபிரிக்க வெயிலில் பிறந்த கலங்கள் 10 பாகை செல்சியசுக்குக் கீழே நெடுநாள் இருந்தால் சிதைந்து, தோலில் குழிகள் விழுந்து, சுவையும் நிறமும் மங்கும். அறை வெப்பத்தில் வைத்த முழுப்பழத்திலோ, தக்காளிக்கும் சிவப்பூட்டும் இலைக்கோபீன் என்னும் நிறப்பொருள் சில நாட்கள் கூடிக்கொண்டே போகும். இனிப்புக் கணக்கு மூடப்பட்டாலும் நிறக்கணக்கு திறந்திருக்கிறது. உண்பதற்குச் சில மணிநேரம் முன்னர் மட்டும் குளிர வைப்பதற்கு வேறொரு நியாயம் உண்டு. பிரக்ரோசு மூலக்கூறு ஒன்றுக்கொன்று மாறும் பல வடிவங்களில் இருக்கிறது. குளிரும்போது கூடுதலாக இனிக்கும் வடிவத்தின் பங்கு பெருகுகிறது. இப்பழத்தில் பிரக்ரோசு தாராளமாக இருப்பதால், குளிர்ந்த துண்டு உண்மையாகவே கூடுதலாக இனிக்கிறது.

சிவப்பு நிறத்தை ஊசியால் ஏற்றுகிறார்கள் என்ற செய்தி ஒவ்வொரு கோடையிலும் கைபேசிகளில் சுற்றுகிறது. ஊசியால் செலுத்திய சாயம் குத்திய இடத்தில் தேங்குமே தவிர, கோடானுகோடி கலங்களுக்குள் சீராகப் பரவாது. குத்திய துளை வழியே நுண்ணங்கிகள் புகுந்து பழம் விரைவில் புளித்துவிடும். பஞ்சால் துடைத்தபோது சிவந்தது என்பதும் சான்றல்ல. வெட்டுண்ட கலங்களின் சாறு பஞ்சில் ஒட்டத்தான் செய்யும்.

கடைசியாக விதை. சுகர் பேபி போன்ற பழைய வகைகளின் விதைகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, மூடிய போத்தலில் அடுத்த மாசிக்கு வைக்கலாம். கலப்பின விதைகள் மறு தலைமுறையில் தாயைப்போல வராது. பக்கத்தில் வெள்ளரியோ பூசணியோ நின்றதால் வத்தகப்பழம் சப்பென்று போயிற்று என்று சொல்வதற்கு இடமில்லை, ஏனெனில் இவை வத்தகையோடு கலப்பதே இல்லை. கலக்கக்கூடிய இரு வத்தகை வகைகள் அருகருகே நின்றாலும், அதன் விளைவு இந்த ஆண்டின் பழத்தில் தெரியாது. அதனுள்ளே இருக்கும் விதையை விதைத்து வரும் அடுத்த கொடியில்தான் தெரியும்.