ஆல்பம்: ‘தொகுப்பு’ன்னு சொன்னா போதுமா?

வீசர்னு ஒரு அமெரிக்க ஆல்டர்நேடிவ் ராக் பேண்ட், அவங்களோட ரெண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் ‘பிங்கர்டன்’, 1996 செப்டம்பர்ல வந்தது. இதப் பத்தி தமிழ்ல எழுதலாம்னு உக்காந்தா முதல் வரியிலயே மாட்டிக்கிட்டேன். “இரண்டாவது இசைத்தொகுப்பு”ன்னு எழுதினா ஏதோ பழைய ஹிட் பாட்டெல்லாம் பொறுக்கி ஒண்ணா சேர்த்து விட்ட மாதிரி இருக்கு, ஆனா அது அப்படிப்பட்டது இல்லவே இல்ல. அப்பதான் இந்த ஆல்பங்கிற சொல்லு எங்கருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன்.

மூலம் லத்தீன். ‘ஆல்பஸ்’னா வெள்ளை. முட்டையோட வெள்ளைக்கருவுல இருக்கிற ஆல்புமின், அல்பினோ எல்லாமே இதே வேர்தான். பழைய ரோம்ல சுண்ணாம்பு மாதிரி வெள்ளை பூசின பலகைய ‘ஆல்பம்’னு சொன்னாங்க, அதுல அரசு அறிவிப்பு, சட்டம், பேர் பட்டியல் எல்லாம் கறுப்புல எழுதி பொது இடத்துல வைப்பாங்க. அதாவது ஆரம்பத்துல ஆல்பம்னா ‘எழுத இடம் விட்ட வெள்ளை’, அவ்ளோதான். பாட்டும் இல்ல படமும் இல்ல. அப்புறம் 16ஆம் நூற்றாண்டுல ஜெர்மன் மாணவர்கள் ஒரு வெத்து நோட்டு வச்சுக்கிட்டு நண்பர்கள், ஆசிரியர்கள்கிட்ட கையெழுத்தும் ரெண்டு வரியும் வாங்கி வச்சிக்கிட்டாங்க, அதுக்கு ‘நண்பர்களின் ஆல்பம்’னு லத்தீன்லயே பேரு. அங்கருந்து ஸ்டாம்ப் ஒட்டுற ஆல்பம், போட்டோ ஆல்பம்.

இசைக்குள்ள எப்படி வந்துச்சுங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நிமிஷத்துக்கு 78 தடவ சுத்துற பழைய இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், பெரிய தட்டா இருந்தா நாலஞ்சு நிமிஷம், அதுக்கு மேல ஓடாது. ஒரு நீளமான சிம்பொனிய விக்கணும்னா நாலஞ்சு தட்டு வேணும், அதையெல்லாம் போட்டோ ஆல்பம் மாதிரியே கெட்டி அட்டை போட்ட, பக்கத்துக்கு ஒரு உறை இருக்கிற புத்தகத்துல செருகி வித்தாங்க. அந்தப் புத்தகத்துக்குத்தான் ஆல்பம்னு பேரு, பாட்டுக்கு இல்ல! 1948ல கொலம்பியா கம்பெனி எல்.பி. (லாங் பிளே, அதாவது ரொம்ப நேரம் ஓடுற) தட்டு கொண்டுவந்தது, நிமிஷத்துக்கு முப்பத்து மூணே கால் சுத்துக்குக் கொஞ்சம் மேல, ஒரு பக்கமே இருபது நிமிஷத்துக்கு மேல ஓடும், அதனால புத்தகமே தேவையில்லாம போச்சு, ஆனா பேரு மட்டும் அப்படியே ஒட்டிக்கிச்சு. கேசட் வந்து, சிடி வந்து, இப்போ கையில தொட ஒண்ணுமே இல்லாத ஸ்ட்ரீமிங் வந்த பிறகும் ஆல்பம் ஆல்பம்தான்.

‘ஸ்டுடியோ ஆல்பம்’னு ஏன் தனியா சொல்றாங்கன்னா, மேடையில வாசிச்சத பதிவு பண்ணா லைவ் ஆல்பம், ஏற்கனவே வந்தத பொறுக்கி சேர்த்தா கம்பைலேஷன், புதுசா உக்காந்து உருவாக்கி பதிவு பண்ணதுதான் ஸ்டுடியோ ஆல்பம். நம்ம பேச்சுல இன்னொரு குழப்பமும் இருக்கு, ‘ஆல்பம் சாங்’னா சினிமாவுல வராத ஒரே ஒரு பாட்டு. அதுக்குத் தனிப்பாட்டுங்கிற நல்ல சொல் நம்மகிட்டயே இருக்கு, அத எடுத்துக்கலாம்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? இசைத்தொகுப்பு, பாடல் தொகுப்பு, இசைத்தொகைன்னு எல்லாம் எழுதறாங்க. தொகைங்கிற சொல்லுக்கு நம்ம இலக்கியத்துல தெளிவான பொருள் இருக்கு: குறுந்தொகை மாதிரி, பல பேர் பல காலத்துல பாடினத வேற ஒருத்தர் சேர்த்து வச்சது. அது கம்பைலேஷனுக்கு கச்சிதமா பொருந்துது, ஸ்டுடியோ ஆல்பத்துக்குப் பொருந்தல. அதே எட்டுத்தொகையில பதிற்றுப்பத்தப் பாருங்க, ஒரு பத்துன்னா ஒரே புலவர் ஒரே சேர மன்னனப் பத்தி பாடின பத்துப் பாட்டு, ஒவ்வொண்ணுக்கும் துறை, வண்ணம், தூக்கு, பெயர்னு குறிச்சு வச்சிருக்காங்க, அந்தப் பெயரும் பாட்டுக்குள்ளருந்தே எடுத்த ஒரு அழகான தொடர். நாலாம் பத்து அந்தாதியாவே ஓடுது, ஒரு பாட்டு முடியுற இடத்துல அடுத்தது பிடிச்சுக்கும். ஸ்டுடியோ ஆல்பத்துக்கு இதவிட நெருக்கமான உறவுக்காரன் எனக்குத் தெரியல.

‘பிங்கர்டன்’லயும் பத்துப் பாட்டுதான், மொத்தம் 34 நிமிஷம் சொச்சம். பாடகர் ரிவர்ஸ் குவோமோ ஹார்வர்டுல படிச்சிட்டிருந்தப்போ இருந்த தனிமை, ஏக்கம், வெட்கம் எல்லாம் பச்சையா இருக்கு, பாட்டெல்லாம் பெரும்பாலும் அவர் எழுதின வரிசையிலயே வருது, தலைப்பே புச்சீனியோட ‘மேடம் பட்டர்ஃப்ளை’ ஓபராவுல வர்ற கடற்படை அதிகாரியோட பேரு. ஒண்ணை உருவினா மத்தது குலையும். அதனால நான் சொல்றது கோவை. கோத்தது கோவை, திருக்கோவையார்ல 400 பாட்டும் ஒரே இழையில ஒரே புலவர் கோத்ததுதானே. ‘இசைக்கோவை’ன்னா இசைக்கோர்ப்போட குழம்பும், ‘பாட்டுக்கோவை’ன்னு வச்சா சரியா இருக்கும். கம்பைலேஷனுக்கு தொகுப்ப விட்டுடலாம். பேசும்போது எல்லாரும் ஆல்பம்னுதான் சொல்வோம், அதுல தப்பில்ல, எழுதும்போது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும்.

(ஆல்டர்நேடிவ் ராக்குக்கு மாற்று ராக் போதும், லத்தீன் ‘ஆல்டர்’னாலே ரெண்டுல மற்றொன்னுதான்.)

கடைசியா ‘ரிசப்ஷன்’. ஒரு ஆல்பத்த விமர்சகர்களும் ரசிகர்களும் எப்படி எடுத்துக்கிட்டாங்கங்கிறதுக்கு எல்லாரும் ‘வரவேற்பு’ன்னு எழுதறாங்க. வரவேற்புன்னாலே வாங்க வாங்கன்னு கூப்பிடுற சந்தோஷம் இருக்கு, அப்போ “மோசமான வரவேற்பு”ன்னு எழுதினா இடிக்குது. ‘எதிர்கொள்ளல்’னு ஒரு சொல் இருக்கு, விருந்தாளிய வாசலுக்குப் போய் கூட்டிட்டு வர்றதும் எதிர்கொள்றதுதான், பகைவன் முன்னாடி நிக்கிறதும் எதிர்கொள்றதுதான். ரெண்டும் ஒரே சொல்லுல அடங்கும். பிங்கர்டன எதிர்கொண்ட கதைக்கு அந்த ரெண்டும் வேணும்: முதல் ஆல்பம் பெருசா ஹிட் ஆன பேண்டுக்கு இது அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியல்ல 19ஆம் இடத்துலதான் நுழைஞ்சது, ரோலிங் ஸ்டோன்ங்கிற இசைப் பத்திரிகையோட வாசகர்கள் அந்த வருஷத்தோட மோசமான ஆல்பங்கள்ல ஒண்ணுன்னு ஓட்டுப் போட்டாங்க, தன்னோட அந்தரங்கத்தையே பாட்டா வச்ச குவோமோவுக்கு அது எவ்ளோ வலிச்சிருக்கும். அதே பத்திரிகை 2004ல திரும்ப விமர்சனம் எழுதி அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துச்சு.