அடக்கியாளல்

'கோயர்சிவ் கன்ட்ரோல்' (coercive control) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'அடக்கியாளல்' எனலாம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கட்டாயக் கட்டுப்பாடு' என்று வரும். அது சரிப்படாது. தமிழில் கட்டுப்பாடு நல்ல சொல். 'கட்டுப்பாடா வளர்ந்த பொண்ணு' என்பது பாராட்டு. ஒரு குற்றத்தின் பெயர் காதில் விழும்போதே குற்றமாகப் பட வேண்டும்.

துணையின் அன்றாட வாழ்க்கையை முழுக்கத் தன் பிடிக்குள் வைத்துக்கொள்வதே இதன் பொருள். சம்பள ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொள்வது, போனைத் துருவுவது, தாய்வீட்டுத் தொடர்பை அறுப்பது, பத்து ரூபாய்க்கும் கணக்குக் கேட்பது எல்லாம் இதில் வரும். அடி விழாமலும் இது நடக்கும். என்றோ ஒருமுறை அறை விழுந்திருந்தால், அப்புறம் ஒரு முறைப்பே போதும்.

லத்தீன் 'கோயெர்செரே' அடைத்து வைப்பதைக் குறிக்கும். 'கன்ட்ரோல்' கணக்குப் பதிவிலிருந்து வந்தது: வரவுசெலவைச் சரிபார்க்க வைத்திருந்த நகல் சுருள். அடைப்பும் கணக்கும் வேரிலேயே இருக்கின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் எவான் ஸ்டார்க் 2007-இல் எழுதிய நூலால் இந்த ஆங்கிலச் சொல் பரவலானது.

பாலினம் எங்கே வருகிறது? குடும்ப வன்முறையை அளக்க அமெரிக்கச் சமூகவியலாளர் மரே ஸ்ட்ராஸ் 1979-இல் வெளியிட்ட அளவுகோல் தள்ளியது, அறைந்தது என்று செயல்களை எண்ணியது. எண்ணிப் பார்த்தால் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகத் தெரிந்தார்கள். யார் யாருக்குப் பயந்து வாழ்கிறார் என்பது அந்த எண்ணிக்கையில் இல்லை. 1995-இல் இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் வன்முறையை இரண்டாகப் பிரித்தார்: வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாவது ஒன்று, அதில் இருபாலரும் உண்டு, தொடர்ந்து அடக்கி வைப்பது இன்னொன்று, அதைச் செய்வோர் பெரும்பாலும் ஆண்கள்.

'அடக்கியாளல்' பொருந்துவது இதனால்தான். அடக்கம் பெண்ணிடம் கேட்கப்படுகிறது. 'பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன்' என்ற ஏச்சு ஆணுக்கு விழுகிறது. ஆனாலும் சொல்லில் பால் விகுதி இல்லை; பெண் ஆணை அடக்கினாலும், ஒருபால் இணையரிடையே நடந்தாலும் இதே சொல் செல்லும். இங்கிலாந்தின் 2015 சட்டமும் பால் பார்ப்பதில்லை. அதிகபட்சம் 5 ஆண்டுச் சிறை.

இந்தியாவின் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் பெண்களுக்கானது. 'கோயர்சிவ் கன்ட்ரோல்' என்ற சொல் அதில் இல்லை. மனரீதியான, பொருளாதாரரீதியான துன்புறுத்தல்கள் 3-ஆம் பிரிவில் உள்ளன. ஆகவே இச்சட்டத்தின்கீழ் கொடுக்கும் மனுவில் 'கொடுமைப்படுத்தினார்' என்று ஒரே வரியில் முடித்தால் வலுவிருக்காது. எந்தத் தேதியில் கார்டை வாங்கினார், திருப்பிக் கேட்டபோது என்ன செய்தார், அதன்பின் எத்தனை மாதம் கையில் காசில்லை என்று வரிசையாக எழுத வேண்டும்.