மொனிட்டர் என்றால் கண்காணி

கொம்பியூட்டரில் மொனிட்டர் என்றால் திரைதானே என்று கேட்பார்கள். ஆனால் விண்டோஸில் ரிசோர்ஸ் மொனிட்டர், மெக்கில் அக்டிவிட்டி மொனிட்டர் என்று வருகிற மொனிட்டருக்கும் திரைக்கும் சம்பந்தமில்லை. ரேம் என்கிற தற்காலிக நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கட்டளைகளை நிறைவேற்றுகிற புரொசெசர் எவ்வளவு உழைக்கிறது, எந்த மென்பொருள் இரண்டையும் விழுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிற வேலைக்குத்தான் அந்தப் பெயர்.

மூலம் லத்தீன். மொனேரே என்றால் எச்சரிப்பது, புத்தி சொல்வது. அதைச் செய்பவர் மொனிட்டர். ஆங்கிலத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் நுழைந்து, சத்தம் போடுகிற பிள்ளைகளின் பெயரை எழுதிவைக்கும் வகுப்பு மொனிட்டராக நம்மிடமும் வந்து சேர்ந்தது. ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததை ஏற்றிவிடுகிற நிரலையும் 1950களின் பெரிய கணினிகளில் மொனிட்டர் என்றே சொன்னார்கள். திரைக்கு இந்தப் பெயர் ஒட்டியது தொலைக்காட்சி நிலையங்களால், ஒளிபரப்பில் படம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க அங்கே வைத்திருந்த பெட்டிதான் மொனிட்டர்.

தமிழில் இதற்குப் புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை, கண்காணி இருக்கிறது. கண், காண் இரண்டும் சேர்ந்த சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர் கண்காணி, திருமூலருக்குக் கடவுளே கண்காணி. ககரத்துக்கு முன்னால் ணகரம் ஙகரமாகத் திரிந்து கங்காணி ஆனது, அது தோட்டத் தொழிலாளர்களை மேற்பார்த்தவரின் பெயராகப் போய் நின்றதை இலங்கையின் மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆங்கிலமும் சிங்களமும் அதை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டன. பெரிய கங்காணிதான் இந்தியாவிலிருந்து ஆள் பிடித்து வந்தவர், கடன் கொடுத்தவர், அவருடைய ஆட்கள் வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்திடம் காசு வாங்கியவர். ஆளோடு அந்தக் கடனையும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அதனால் இங்கே சிலருக்கு அந்தச் சொல் கசப்பதில் ஆச்சரியமில்லை. என்றாலும் பழைய வடிவத்தை அதற்காகக் கைவிட வேண்டுமா? வேண்டாம் என்பேன்.

ஏனென்றால் இந்த வேலைக்கு லத்தீன் சொல்லைவிடத் தமிழ்ச் சொல்தான் பொருந்துகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருகிற டாஸ்க் மேனேஜர் (1996இல் விண்டோஸ் என்டி 4.0 உடன் வந்தது) பெரட்டுக்களத்தில் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) நிற்பவர்களைப் போல ஓடுகிற எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்திக் காட்டும், அவ்வளவுதான். எச்சரிக்காது. ரேம் 80 சதவீதம் என்று காட்டினால் அது கோளாறா இல்லையா என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும், பல நேரம் கோளாறே இல்லை, நாம் திறந்து வைத்திருக்கிற மென்பொருள்கள் எடுத்துக்கொண்ட இடம்தான் அது. எதையும் திறக்காமலே புரொசெசர் மட்டும் 90க்கு மேல் ஏறி இறங்காமல் நிற்கிறதா, அப்போது அந்தப் பட்டியலில் எந்த மென்பொருள் அதை விழுங்குகிறது என்று தேடுங்கள்.

சரி, எப்படி எழுதுவது? ரிசோர்ஸ் மொனிட்டருக்கு வளக் கண்காணி, சிஸ்டம் மொனிட்டருக்கு முறைமைக் கண்காணி. கண்காணிப்பான் என்று சிலர் நீட்டுகிறார்கள், அது எதற்கு? கணினி, ஒலிபெருக்கி இவற்றில் இருக்கிற அதே இகரம் கண்காணியிலும் இருக்கிறது, செய்பவரையோ கருவியையோ குறிக்க அதுவே போதும். மெமரிக்கு நினைவகம் என்பதில் தகராறு இல்லை. புரொசெசரில்தான் சிக்கல்: தமிழ்நாட்டில் செயலி என்றார்கள், அப்புறம் போனில் இறக்குகிற அப்புக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள், இப்போது செயலிக் கண்காணி என்று எழுதினால் எதைக் கண்காணிக்கிறோம் என்றே தெரியாது. இலங்கையில் நம் பாடப்புத்தகங்களில் வருகிற முறைவழியாக்கி வாயில் அவ்வளவு சுலபமாக நுழையாதுதான், ஆனாலும் அதில் இந்தக் குழப்பம் இல்லை.