கார் ஏசியில் வாடை வந்தால் வாசனை டப்பி வாங்காதீர்கள்

காலையில் காரை எடுத்து ஏசியைப் போட்டதும் முதல் அரை நிமிடத்துக்கு ஒரு வாடை வரும், காயாத துணியை மடித்து அலமாரியில் வைத்ததுபோல. அப்புறம் குளிர் ஏறியதும் தானாகப் போய்விடும். "போயிடுச்சே, பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அதே வாடை போக்குவரத்து விளக்கில் நிற்கும்போதெல்லாம் வரும். அதற்கும் பிறகு பயணிகள் புகார் சொன்ன பின்போ, வீட்டில் பிள்ளை காரில் ஏறியதுமே தும்ம ஆரம்பித்த பின்போதான் என்னிடம் கொண்டு வருகிறார்கள். சிங்கப்பூரில் காக்கி புக்கிட்டில் கார் ஏசி வேலை மட்டுமே பார்க்கிறேன், வாடை என்று வரும் கார்களில் பலவற்றில் கண்ணாடியில் ஒன்று, ஏசி வாயில் ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று என்று வாசனை டப்பி தொங்கிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த ஈரத்துணி வாடை வருகிறது என்றால் பெரும்பாலும் காருக்குள் எங்கோ தண்ணீர் வெளியேறாமல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் எதைத் தெளித்தாலும் காசுதான் போகும்.

ஏன் தண்ணீர்? டேஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் காயில் என்று ஒன்று இருக்கிறது, மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கிய ஒரு பெட்டி. ஏசி ஓடும்போது அது உறைநிலைக்குச் சில டிகிரி மேலே நிற்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90ஐயும் தாண்டும். இந்த ஈரத்துக்கு ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் தண்ணீர் படியும், கூலிங் காயில் அதைவிட எவ்வளவோ குளிர்ச்சி. ஆகவே ஏசி ஓடும் நேரமெல்லாம் அதன்மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். வெளிக்காற்றை இழுத்து ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட, சில நேரம் அதற்கு மேலும் வரும். அது டிரெய்ன் பைப் என்ற வடிகுழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். தேக்காவிலோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டையிலோ காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது அடியில் குட்டையாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்துச் சிலர் பயந்து ஓடி வருகிறார்கள், அது நல்ல அறிகுறி. சொட்டாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எஞ்சினை அணைத்ததும் அந்தக் காயில் ஈரமாக, இருட்டில், மூடிய பெட்டிக்குள் கிடக்கிறது. நாம் உள்ளே கொண்டுவரும் தூசி, தலைமுடி, தோல் துகள், சாப்பாட்டுத் துணுக்கு எல்லாம் அதன்மேல் ஒட்டுகிறது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேறு என்ன வேண்டும்? அவை மெல்லிய வழவழப்பான படலமாகப் படர்ந்துவிடும், வாடை அதிலிருந்துதான். குளிர் ஏறியதும் ஏன் வாடை போகிறது என்றால், காயில் நன்றாகக் குளிர்ந்து அதன்மேல் புதுத் தண்ணீர் ஓடும்போது வாடை வாயு அவ்வளவாக எழும்புவதில்லை. காயிலைக் குளிர்விக்கும் கம்பிரசர் நின்றதும் காயில் சூடேறி, அதன்மேல் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வாடையையும் தூக்கிக்கொண்டு வருகிறது. சிவப்பு விளக்கில் எஞ்சின் தானாக நின்றுவிடும் கார்களில் அந்த நேரத்தில் வாடை அதிகமாக வருவது இதனால்தான். "விளக்கில் நின்னா மட்டும் நாறுதுண்ணே" என்று ஒரு தனியார் வாடகைக் கார் ஓட்டுநர் சொன்னபோது, காரைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

சரி, உங்கள் காரில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று நீங்களே ஓரளவுக்குப் பார்க்கலாம். இரவு முழுக்க நிறுத்தி வைத்த காரில் காலையில் ஏறி, எதையும் போடாமல் முதலில் மோந்து பாருங்கள். ஏசியோ காற்றோ ஓடாதபோதே வாடை இருந்தால் சந்தேகம் கூலிங் காயில்மேல் போக வேண்டாம், தரையில் போக வேண்டும். மிதியடியைத் தூக்கிவிட்டு, கம்பளத்தை உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள், மேலாகத் தொட்டால் தெரியாது. கம்பளத்துக்கு அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் இருக்கிறது, அது தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே காய்ந்ததுபோல் காட்டும். கையில் ஒரு டிஷ்யூவை வைத்து அழுத்தினால் நனைந்து வரும். இடதுபக்கம், அதாவது ஓட்டுநருக்குப் பக்கத்துப் பயணியின் கால் பக்கம் நனைந்திருந்தால் பெரும்பாலும் டிரெய்ன் பைப் அடைத்திருக்கும். இரண்டு பக்கமும் அல்லது பின் சீட்டில் நனைந்திருந்தால் மழைத் தண்ணீர்: கதவு ரப்பர், சன்ரூஃப் வடிகால், கண்ணாடிக்கு முன்னால் வைப்பருக்கு அடியில் இருக்கும் தொட்டி, இதில் ஏதோ ஒன்று.

அந்த வைப்பர் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், யாரும் பார்ப்பதில்லை. தூங்குமூஞ்சி மரம் சாலையெங்கும் கார்ப்பேட்டையெங்கும் நிற்கிறது, நிழல் அருமை, ஆனால் அதன் சின்னச் சின்ன இலை வைப்பருக்கு அடியில் இருக்கும் சல்லடை வழியாக உள்ளே விழுந்து, மழையில் ஊறி, சேறுபோல் அங்கே அப்பிக்கொள்ளும். ஏசி வெளிக்காற்றை இழுப்பதே அந்த வழியாகத்தான். அங்கே கிடக்கும் அழுகிய இலையின் வாடை நேராக உங்கள் மூக்குக்கு வரும், கூலிங் காயில் பளிச்சென்று இருந்தாலும். டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில் வரும் கார்களில் நான் முதலில் திறப்பது இந்த இடம். ஒரு வாக்குவம் கிளீனரும் பத்து நிமிடமும் போதும், இதை வீட்டிலேயே செய்யலாம்.

டிரெய்ன் பைப் அடைப்புக்கும் பல காரணம். தூசியும் காயிலிலிருந்து கழன்ற படலமும் சேர்ந்து களிமண்போல் இறுகிவிடும், சில காரில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அடியிலிருந்து காற்று ஊதினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். அடைப்பு எடுத்ததும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் கறுப்பாக, நாறிக்கொண்டு கொட்டும். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததில்லை. அடைப்பை எடுத்து, நனைந்த கம்பளத்தை அப்படியே விட்டால் மட்டும் பயனில்லை. சீட்டைக் கழற்றி, கம்பளத்தைத் தூக்கி, காற்றாடி வைத்துக் காயவைக்க வேண்டும், நம் வானிலைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், சுருக்குவழி கிடையாது.

அப்புறம் ஏசி ஃபில்டர். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், கருவி இல்லாமலே கழற்றலாம். ஆண்டுக்கு ஒருமுறையோ 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ மாற்றினால் நல்லது, வாடகைக் கார் என்றால் அதற்கும் முன்னால். தட்டி, ஊதி மறுபடி போடாதீர்கள். கழுவவே கழுவாதீர்கள், ஈரமான காகித ஃபில்டர் பூஞ்சைக்கு வீடு. உட்லண்ட்ஸிலிருந்து வந்த ஓர் அம்மா, பையனுக்குக் காரில் மட்டும் தும்மல் வருகிறது என்றார். திறந்து பார்த்தால் ஃபில்டரே இல்லை, அதற்கு முன் சர்வீஸ் செய்த யாரோ எடுத்துவிட்டுப் புதிது போடவில்லை, அவ்வளவு தூசியும் நேராகக் காயிலில் போய் அடைந்திருந்தது. எந்த ஒர்க்‌ஷாப்பில் மாற்றினாலும் பழைய ஃபில்டரைக் கையில் வாங்கிப் பாருங்கள், புதியதைப் போடும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். அது உங்கள் உரிமை, யாரும் கோபப்படக் கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் வாடை வந்தால்தான் காயில் சுத்தம். டிரெய்ன் பைப் வழியாகவோ காயில் பெட்டியின் துளை வழியாகவோ நுரை மருந்தைச் செலுத்தி, ஊறவிட்டு, அழுக்கோடு வடியவிடுவது ஒரு முறை. சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது இன்னும் நல்ல முறை. டேஷ்போர்டையே கழற்றிக் காயிலை வெளியே எடுப்பது கடைசி வழி, பல ஆண்டு அழுக்கு இறுகிய கார்களுக்கு மட்டும் அதைச் சொல்கிறேன். கழற்றினால் கிளிப்புகள் உடையும், பிறகு ஓட்டும்போது டேஷ்போர்டு கிறீச்சிடும், ஏசி கேஸையும் முறையாக எடுத்துத் திரும்ப நிரப்ப வேண்டும். வாடை என்று சொன்னதும் கேமராவும் வைக்காமல், டிரெய்ன் பைப்பையும் பார்க்காமல் "டேஷ்போர்டு கழற்றணும்" என்று சொன்னால் வேறு இடத்தில் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள். வீட்டில் இருக்கும் ப்ளீச்சையோ கிருமிநாசினியையோ ஏசி வாய்க்குள் தெளிக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது, அது மிகவும் கவலை தருகிறது. ப்ளீச் அலுமினியத்தை அரிக்கும், அந்த ஆவியை மூடிய காரில் நீங்களும் பிள்ளைகளும் சுவாசிப்பீர்கள், வழியும் தண்ணீர் மின்னிணைப்புகளில் படும். ஓசோன் கருவி போட்டால் வாடை சில நாள் போகும், காயிலில் இருக்கும் அழுக்கு அப்படியே இருக்கும். அதைப் போடும்போதும், போட்ட பிறகு நன்றாகக் காற்றோட்டம் விடும்வரையும், யாரும் காருக்குள் இருக்கக் கூடாது.

வாடை வரும் எல்லாக் காரும் ஆளை நோயில் தள்ளும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்துமாவோ மூக்கு ஒவ்வாமையோ உள்ளவர்களுக்குப் பூஞ்சைத் துகள் தொந்தரவைக் கிளறிவிடும், காரிலேயே பத்து மணி நேரம் உட்கார்ந்து பிழைக்கும் ஓட்டுநர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

சுத்தம் செய்த பிறகு திரும்ப வராமல் இருக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. வீடு சேர மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, காற்றை வேகமாக, வெளிக்காற்றில் வையுங்கள். காயில் சூடேறி, ஒட்டியிருக்கும் ஈரம் குறையும். கொட்டும் மழையில் அவ்வளவாகக் காயாது, மற்ற நாளில் நல்ல வித்தியாசம் தெரியும். ஹீட்டர் உள்ள காராக இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை சூட்டை முழுதாக ஏற்றி ஓட்டலாம், ஆனால் அப்போது உள்காற்றுச் சுழற்சியில் வைக்க வேண்டும். ஏனென்றால் ஹீட்டர் இருப்பது கூலிங் காயிலுக்கு அடுத்து. சூடான காற்று காருக்குள் வந்து திரும்பச் சுழன்றால்தான் காயிலைத் தொடும். இதை ஓட்டும்போதே செய்யுங்கள், கார்ப்பேட்டையில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டுச் செய்யாதீர்கள், அது இங்கே குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும். ஹூண்டாய், கியாவின் புதிய கார்கள் சிலவற்றில் எஞ்சின் அணைந்த பிறகு காற்றாடி தானாகச் சிறிது நேரம் ஓடிக் காயிலைக் காயவைக்கும் வசதி இருக்கிறது. செட்டிங்கில் அது அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

உள்காற்றுச் சுழற்சியிலேயே எப்போதும் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டைக் காட்டும் பிஎஸ்ஐ அளவு 401ஐத் தொட்ட அந்தப் புகைமூட்டத்தில் எல்லோரும் அந்தப் பட்டனை அழுத்தினோம், சரியான காரியம். பலர் அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை என்று நினைக்கிறேன். காற்று நன்றாக இருக்கும் நாளில் அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். மூடிய காரில் நான்கு பேர் விடும் மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் உள்ளேயே சேர்ந்தால், ஜோகூர் பாலத்தில் ஊர்ந்து போகும் நீண்ட நேரத்தில் தூக்கம் கண்ணைக் கட்டும்.

எல்லா வாடையும் பூஞ்சை இல்லை. இனிப்பான வாடையோடு முன்கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுவென்று படிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஹீட்டரில் கசிகிறது. செத்த வாடை என்றால் பல்லியோ எலியோ காற்றை ஊதும் புளோவருக்குள் போயிருக்கும், உணவங்காடிக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துபவர்களுக்கு இது வரும். பெட்ரோல் வாடை, வயர் கருகும் வாடை, புகைக்குழாய் வாடை காருக்குள் வந்தால் ஏசியை யோசிக்கவே வேண்டாம், பாதுகாப்பாக ஓரம் கட்டி எஞ்சினை அணைத்து இறங்குங்கள். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, வாடை குறைந்துவிட்டது என்பதற்காக ஆபத்து குறைந்ததாக ஆகாது.

ஏழு பேர் அமரும் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவற்றில் பலவற்றில் பின்பக்கத்துக்கு இன்னொரு கூலிங் காயில் தனியாக இருக்கிறது, கூரையிலோ பக்கச் சுவரிலோ. முன்பக்கத்தை மட்டும் கழுவிவிட்டு அனுப்பினால் இரண்டு வாரத்தில் வாடை திரும்பும், பின்னால் உட்காரும் பாட்டியும் பிள்ளைகளும்தான் அதைச் சுவாசிப்பார்கள். காசு கொடுக்கும் முன் "பின் காயிலும் சேர்த்துத்தானே?" என்று கேட்டுவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வரும்போது முந்தின நாளே வாசனை டப்பிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள், காரையும் கழுவிப் பளபளப்பாக்க வேண்டாம். முடிந்தால் முதல் நாள் இரவே விட்டுவிட்டுப் போங்கள், காலையில் குளிர்ந்த காரில் நாங்களே ஏறி அந்த முதல் அரை நிமிடத்தை மோந்து பார்க்க முடியும். எப்போது வாடை வருகிறது, ஏறியதுமா, விளக்கிலா, மழை பெய்த மறுநாளா, காற்றை வேகமாக வைக்கும்போதா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சீட்டில் வைத்தால் பாதி நாள் வேலை மிச்சம்.